பேரண்டத்தின் பாகுநிலையும் இருள் ஆற்றலும்

(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பும் நூல் நிலையமும் நடத்திப் பல நூறு பிள்ளைகளைக் கல்லூரி வாயில் வரை கொண்டு சேர்த்திருக்கும் இச்சங்கம், தன் விழாவில் அறிவியல் பற்றி உரையாற்றுமாறு நம்மைப் பணித்தது. தேர்வுக்கும் வேலைக்கும் பயன்படும் பொருளாக இருக்கட்டும் என்று நண்பர்கள் சிலர் யோசனை கூறினர். அந்த யோசனையில் தவறில்லை. ஆயினும் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் ஒன்று உண்டு.

சென்ற கோடையில் மாலை வகுப்பில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, பேரண்டம் பாகுபோல் பிசுபிசுப்புடையது என்று ஒரு நூலில் கண்டேன். ஒன்றுமில்லாத வெளியில் எதன்மேல் எது உரசும்?" என்று வினவினார். நாம் அதற்கு விடை கூறவில்லை. "அதெல்லாம் மேற்படிப்பில் வரும், அம்மா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டோம். வீடு திரும்பிய பின் அச்சொல் நம்மை உறுத்தியது. "இது உனக்கு உரியதன்று, பிறகு பார்க்கலாம்" என்னும் சொல் எத்தனை தலைமுறைகளாக எத்தனை வாயில்களில் நின்று சொல்லப்பட்டது என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த மாணவிக்குத் தர வேண்டிய விடையை இன்று இந்த மேடையில் தருகின்றோம். கடன் தீர்ப்பதாகக் கொள்ளுங்கள்.

மூன்று சொற்களை முதலில் விளங்கிக்கொள்வோம்: இருள் ஆற்றல், பாகுநிலை, மிகைப் பரிமாணம்.

1915-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் தம் பொதுச் சார்புக் கொள்கையை நிறைவு செய்தார். பொருளும் ஆற்றலும் தம்மைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கின்றன. அந்த வளைவையே நாம் ஈர்ப்பு என்று உணர்கின்றோம் என்பது அதன் சாரம். 1922-இல் ரஷ்ய நாட்டு ஃபிரீட்மனும், 1927-இல் பெல்ஜிய நாட்டு லெமெய்த்தரும் அக்கொள்கையின் சமன்பாடுகளிலிருந்து பேரண்டம் விரியக்கூடும் என்று காட்டினர். 1929-இல் ஹபிள், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்துடன் நம்மை விட்டு விலகுவதை அளவீடுகளால் மெய்ப்பித்தார். அன்று முதல் அறிஞர் உள்ளத்தில் நின்ற கேள்வி ஒன்றே. இந்த விரிவு எவ்வளவு வேகமாகத் தளர்ந்து வருகிறது? மேலே எறிந்த கல்லின் வேகத்தைப் பூமியின் ஈர்ப்பு குறைப்பது போலப் பேரண்டத்திலுள்ள பொருள்களின் ஈர்ப்பு விரிவைத் தளர்த்தத்தானே வேண்டும்?

1998-இல் விடை வந்தது. சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்புகளின் ஒளியை அளந்த இரு குழுவினர், விரிவு தளரவில்லை, விரைவுபடுகிறது என்று கண்டனர். பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் இதற்காக 2011-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மேலே எறிந்த கல் வேகம் கூடிக்கொண்டே வானில் ஏறினால் நாம் எப்படித் திகைப்போமோ, அப்படித் திகைத்தது அறிவுலகம். விரைவுபடுத்தும் காரணத்திற்கு இருள் ஆற்றல் என்று பெயரிட்டனர். இன்றைய கணக்கின்படி பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் நமக்குத் தெரிந்த அணுக்களாலான பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு; ஒளி தராத இருள் பொருள் 27 விழுக்காடு; எஞ்சிய 68 விழுக்காடும் இருள் ஆற்றல்.

பெயர் வைத்துவிட்டதால் பொருள் விளங்கிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. வெற்றிடத்திற்கே இயல்பாக ஓர் ஆற்றல் உண்டு என்பது எளிய விளக்கம். 1917-இல் ஐன்ஸ்டீன் தம் சமன்பாட்டில் சேர்த்துப் பின்னர் கைவிட்ட அண்டவியல் மாறிலி அதுவே. ஆனால் விண்ணளவீடுகள் கேட்கும் ஆற்றல் மிகச் சிறிது. ஒரு கன மீட்டருக்கு மூன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமம். குவாண்டம் கொள்கையைக் கொண்டு நேராகக் கணக்கிட்டாலோ, 1-க்குப் பின் ஏறத்தாழ 120 சுழிகள் இட்ட மடங்கு மிகையாக வருகிறது. கணக்கு இவ்வளவு பிழைக்கும்போது, "விடை வேறு வழியில் இருக்குமோ?" என்று சிலர் எண்ணியது இயற்கையே. அவ்வழிகளுள் ஒன்றுதான் பாகுநிலை.

பாகுநிலை என்பது நம் அடுப்படிக்குப் புதியதன்று. தண்ணீரைச் சாய்த்தால் உடனே ஓடுகிறது, விளக்கெண்ணெய் தயங்குகிறது, பதம் வந்த வெல்லப்பாகு இன்னும் தயங்குகிறது. ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின்மேல் நழுவும்போது எழும் இத்தடையை நழுவுப் பாகுநிலை என்போம். மாணவி வினவிய உரசல் இதுவே. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே சீராக விரியும் பேரண்டத்தில் எந்த அடுக்கும் எதன்மேலும் நழுவுவதில்லை. ஆகவே அங்கே இந்தப் பாகுநிலைக்கு வேலையில்லை. அந்த மாணவியின் ஐயம் முற்றிலும் நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

எனினும் இன்னொரு பாகுநிலை உண்டு. ஒரு பாய்பொருளை எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கும்போதும் விரிக்கும்போதும் அது காட்டும் தயக்கம் அது. அதற்குப் பருமப் பாகுநிலை என்று பெயர். நீரில் அது நழுவுப் பாகுநிலையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நீரிலே செல்லும் ஒலி தேய்வதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே எதுவும் எதன்மேலும் உரசுவதில்லை. பின் தயக்கம் எங்கிருந்து வருகிறது?

மெல்லிய பித்தளைக் குவளையிலும் தடித்த மண் கலயத்திலும் ஒரே சூட்டில் பாலை ஊற்றிப் பக்கத்தில் பக்கம் வையுங்கள். ஒன்று விரைந்து ஆறும். மற்றொன்று மெல்ல ஆறும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் சூடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று சமன் செய்ய முயலும். ஆனால் அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். விரியும் பேரண்டத்திலும் இதுவே நிகழ்கிறது. பேரண்டம் இரு மடங்கு விரிந்தால் ஒளிக்கதிர்களின் வெப்பநிலை பாதியாகும். தனித்துவிடப்பட்ட அணுக்களின் வெப்பநிலையோ காலாகும். இரண்டும் கலந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றுக்குச் சூட்டைத் தந்துகொண்டே வரவேண்டும். விரிவு ஓடுகிறது, சமன் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலே பருமப் பாகுநிலை. ஒளி மட்டுமே இருந்தால் அது இல்லை. எளிய அணுக்களின் வாயு மட்டுமே இருந்தாலும் இல்லை. இரண்டும் கலந்தால் உண்டு. 1971-இல் வைன்பெர்க் இதனைத் தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டினார்.

இதற்கும் விரைவுபடும் விரிவுக்கும் என்ன தொடர்பு? பொதுச் சார்புக் கொள்கையின் ஒரு விந்தையை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். நியூட்டனின் கொள்கையில் நிறை மட்டுமே ஈர்க்கும். ஐன்ஸ்டீனின் கொள்கையில் அழுத்தமும் ஈர்க்கும். பேரண்டத்தின் விரிவைத் தளர்த்துவது அடர்த்தியும் அழுத்தத்தின் மும்மடங்கும் சேர்ந்த தொகை. அழுத்தம் சுழிக்குக் கீழே போதிய அளவு இறங்கினால் அத்தொகையே எதிர்க்குறி பெற்றுவிடும். ஈர்ப்பு விலக்கமாக மாறும். விரியும் பாய்பொருளில் சமன் பின்தங்குவதால் அழுத்தம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைகிறது. விரிவு வேகத்தையும் பருமப் பாகுநிலை எண்ணையும் பெருக்கி, அதன் மும்மடங்கை உண்மை அழுத்தத்திலிருந்து கழித்தால் பயன்படு அழுத்தம் கிடைக்கும். எனவே, பாகுநிலை போதிய அளவு பெரிதாயின், புதிய ஆற்றல் எதுவும் இன்றியே பேரண்டம் விரைவுபட இயலும். "இருள் ஆற்றல் என்று தனிப்பொருள் இல்லை, இருள் பொருளின் பிசுபிசுப்பே அப்படித் தோன்றுகிறது" என்று சிலர் கூறுவதன் உட்பொருள் இதுதான்.

இந்தத் துறையில் நம் நாட்டவரின் பங்கையும் சொல்ல வேண்டும். 1955-இல் கல்கத்தாவில் பணிபுரிந்த அமல் குமார் ராய்சௌதுரி, எந்தப் பாய்பொருளின் விரிவும் எவ்வாறு மாறும் என்பதை அடர்த்தி, அழுத்தம், சுழற்சி, திரிபு ஆகியவற்றால் கூறும் ஒரே சமன்பாட்டை வெளியிட்டார். பாகுநிலையுள்ள பேரண்டத்தை ஆராய்பவர் இன்றும் அதிலிருந்தே தொடங்குகின்றனர். 1968-இல் மிஸ்னர், தொடக்கத்தில் பேரண்டம் திசைக்குத் திசை வேறுபட்டு விரிந்திருந்தாலும், நியூட்ரினோக்களின் பாகுநிலை அதனைச் சீராக்கியிருக்கலாம் என்றார். 1973-இல் மர்ஃபி, பாகுநிலையைச் சேர்த்தால் அடர்த்தி முடிவிலியாகும் தொடக்கப் புள்ளியே இல்லாத ஒரு தீர்வைப் பெறலாம் என்று காட்டினார்.

பேரண்டத்தில் பாகுநிலை உண்மையில் இருந்ததற்குச் சான்று உண்டா என்று கேட்கலாம். உண்டு. 1965-இல் கண்டறியப்பட்ட அண்டப் பின்புலக் கதிர்வீச்சே அச்சான்று. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெப்பநிலை 3,000 கெல்வின் அளவுக்கு இறங்கி, எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் இணைந்து அணுக்களாயின. அதற்குச் சற்று முன்னர் ஒளி அணுத்துகள்களிடையே மோதி மோதிக் கசிந்ததால், அங்கிருந்த சிற்றலைகள் தேய்ந்தன. இதனை 1968-இல் சில்க் கணக்கிட்டார். பாகுநிலையும் வெப்பக் கடத்தலும் சேர்ந்த தேய்வு அது. 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம் அத்தேய்வை நுட்பமாக அளந்தது.

எந்த வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் பிளவுண்டிருக்கும் என்பதைக் கூறும் சமன்பாடு 1920-இல் மேகநாத் சாகா தந்தது. டாக்காவை அடுத்த ஒரு சிற்றூரில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாக 1893-இல் பிறந்தவர் அவர். கல்கத்தாவில் விடுதி மாணவராக இருந்தபோது, சாதியின் பெயரால் உடன் உண்ண மறுக்கப்பட்டவர். ஒரே பந்தியில் இடம் மறுக்கப்பட்டவரின் சமன்பாடு இல்லாமல் பேரண்டத்தின் முதல் அணுக்களைப் பற்றிப் பேசத் தொடங்கவே இயலாது. இதற்குமேல் இதைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி மூன்றாவது சொல்லுக்கு வருவோம். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றோடு காலத்தையும் சேர்த்து நான்கு பரிமாணம் என்கிறோம். 1919-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் கலூசா, ஐந்தாவது பரிமாணம் ஒன்றைச் சேர்த்து ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளை எழுதிப் பார்த்தார். ஈர்ப்புக்கான சமன்பாடுகளோடு மின்காந்தத்திற்கான மேக்ஸ்வெல் சமன்பாடுகளும் அதற்குள்ளிருந்தே வெளிவந்தன! 1921-இல் அக்கட்டுரை வெளியாயிற்று. அந்த ஐந்தாவது பரிமாணம் நம் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு 1926-இல் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் கிளைன் விடை தந்தார். அது மிக நுண்ணிய வட்டமாகச் சுருண்டிருக்கிறது என்றார். தொலைவிலிருந்து பார்த்தால் கிணற்றுக் கயிறு ஒரு கோடு. அதன்மேல் ஊரும் எறும்புக்கோ சுற்றிவரவும் இடமுண்டு. கிளைன் கணக்கிட்ட அவ்வட்டத்தின் அளவு, ஒரு சென்டிமீட்டரை 1-க்குப் பின் 30 சுழிகள் கொண்ட எண்ணால் வகுத்தால் வரும் சிறுமை.

அது ஏன் அவ்வளவு சுருங்கியது? 1980-இல் சோடோஸ், டெட்வைலர் ஆகிய இருவர் ஓர் அழகிய தீர்வைக் காட்டினர். ஐந்து பரிமாண வெற்றிடத்தில் மூன்று திசைகள் விரிய, நான்காவது வெளித்திசை தானாகவே சுருங்குகிறது. மூன்றும் இரு மடங்கானால் அது பாதியாகிறது. பெருகிய பேரண்டமும் மறைந்த பரிமாணமும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாயின.

இப்போது மூன்று சொற்களையும் ஒன்று சேர்ப்போம். மிகைப் பரிமாணப் பேரண்டத்தில் பாகுநிலையுள்ள பாய்பொருளை நிரப்பினால் என்ன நேரும்? சீரான பேரண்டத்தில் வேலையின்றி இருந்த நழுவுப் பாகுநிலைக்கு இங்கே வேலை வந்துவிடுகிறது. மூன்று திசை விரிகிறது, ஒன்று சுருங்குகிறது, திசைகளுக்கிடையே வேற்றுமை இருக்கிறது. அந்த வேற்றுமையைத் தணிக்க நழுவுப் பாகுநிலை முயலும். தணிக்கும்போது வெப்பம் பிறக்கும். பருமப் பாகுநிலையோ எல்லாத் திசைகளின் விரிவு வேகங்களையும் கூட்டிய தொகையைப் பொறுத்தது. சுருங்கும் திசை அத்தொகையைக் குறைத்துவிடும். ஆகவே மிகைப் பரிமாணம் சுருங்கும் வேகமும் நம் பேரண்டம் விரைவுபடும் அளவும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. இவ்வகைத் தீர்வுகளை மகாராட்டிரம், ஆந்திரம் முதலிய மாநிலங்களின் கணிதத் துறைகளில் பலர் ஆராய்ந்து வருகின்றனர். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. காகிதமும் எழுதுகோலும் நல்ல நூல் நிலையமும் அயராத உழைப்பும் போதும். மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நண்பர்களே, அழகான கணக்கு உண்மையாகிவிடுவதில்லை. இதிலுள்ள இடர்ப்பாடுகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நம் கடமை.

முதலாவது, பாகுநிலைக் கொள்கை சமனிலிருந்து சிறிதளவே விலகிய பாய்பொருளுக்கு உரியது. பேரண்டத்தை விரைவுபடுத்த வேண்டுமானால் பாகுநிலையால் வரும் குறைவு, உண்மை அழுத்தத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதாவது, கொள்கையின் எல்லையைத் தாண்டி அதனைப் பயன்படுத்துகிறோம். ஒருபடித் தராசில் ஒரு வண்டி நெல்லை நிறுப்பது போன்றது இது. மேலும், 1940-இல் எக்கார்ட் வகுத்த வடிவத்தில் செய்தி ஒளியைவிட விரைந்து பரவும் என்னும் குறை இருந்தது. 1979-இல் இஸ்ரேல், ஸ்டூவர்ட் இருவரும், பாய்பொருள் சமனுக்குத் திரும்ப ஆகும் காலத்தையும் சேர்த்து அதனைத் திருத்தினர். எளிமைக்காகப் பழைய வடிவத்தையே பயன்படுத்தும் கட்டுரைகள் இன்றும் பல வருகின்றன. படிப்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இருள் பொருளுக்கு அவ்வளவு பிசுபிசுப்பு இருந்தால், அது ஒன்றுகூடி விண்மீன் மண்டலங்களாகத் திரள்வதே தடைப்படும். 2009-இல் லீ, பாரோ ஆகியோர் இதனை ஆராய்ந்து, அத்தகைய எளிய மாதிரிகள் விண்ணளவீடுகளோடு நன்கு பொருந்தவில்லை என்று காட்டினர்.

மூன்றாவது, மிகைப் பரிமாணம் இன்றும் சுருங்கிக்கொண்டிருந்தால் ஈர்ப்பு மாறிலியும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நிலவில் வைக்கப்பட்ட ஆடிகளுக்கு லேசர் ஒளியை அனுப்பி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அளந்து வருகின்றனர். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் கோடியில் சில பங்குகளுக்கு மேல் அம்மாறிலி மாறவில்லை. எனவே மிகைப் பரிமாணம் இருந்தாலும் அது இன்று அசையாமல் நிற்க வேண்டும். அதனை நிறுத்தியது எது என்பது தனிக் கேள்வி. சிறு தொலைவுகளில் ஈர்ப்பின் இருபடி எதிர்விதி மாறுகிறதா என்று அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்குத் தராசால் சோதித்தனர். ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு வரை விதி மாறவில்லை.

அப்படியாயின் இந்த முயற்சி வீணா? இல்லை. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில், அரிசோனாவின் கிட் பீக் மலையிலுள்ள டெசி என்னும் கருவி கொண்டு பல லட்சம் விண்மீன் மண்டலங்களை அளந்த குழுவினர், இருள் ஆற்றல் காலப்போக்கில் மாறி வரக்கூடும் என்னும் குறிப்புகளை வெளியிட்டனர். அவை உறுதியான முடிவுகள் அல்ல, குறிப்புகளே. ஆயினும் அவை உறுதிப்பட்டால், மாறாத அண்டவியல் மாறிலி போதாது. காலத்தோடு மாறும் ஒரு காரணம் வேண்டும். பாகுநிலை இயல்பாகவே விரிவு வேகத்தோடு மாறுவது. அந்நாளில் இக்கணக்குகளை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். பிழையென்று தள்ளப்படும் மாதிரியும், எது ஏன் பொருந்தாது என்று நமக்குக் கற்பித்துவிட்டே செல்கிறது.

இனி அந்த மாணவிக்கு நம் விடை: "அம்மா, வெளியில் எதுவும் எதன்மேலும் உரசவில்லை. நீ ஐயுற்றது சரி. விரிவு முன்னே ஓட, உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று கொடுத்துச் சமனாக நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தைத்தான் பாகுநிலை என்கிறார்கள். அந்தத் தாமதமே இருள் ஆற்றலா என்று கேட்டால், இன்றுள்ள சான்றுகள் அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் கதவு முற்றிலும் சாத்தப்படவும் இல்லை." இவ்விடையைக் கூறப் பத்து நிமிடமே போதுமாயிருந்தது. அதை அன்றே கூறாதது நம் குற்றம்.

பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். அதன் 95 விழுக்காடு எதனாலானது என்பதை எந்நாட்டு அறிஞரும் இன்னும் அறியார். இந்தக் கேள்வியின் முன் பரம்பரைப் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை, எல்லாரும் மாணவரே. ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வேலைக்குரிய கேள்வியைக் கேட்டால் மகிழுங்கள். வேலைக்கு உதவாத கேள்வியைக் கேட்டால் இன்னும் மகிழுங்கள். சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: நூல் நிலையத்தில் தேர்வு வழிகாட்டிகளோடு உயர் கணிதத்திற்கும் வானியலுக்கும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடை தெரியாவிட்டால் "தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். "உனக்கு இப்போது வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.